ஒட்டாத சட்டி

சீர்திருத்தம் என்றவுடன் நம்மவரிற் பலர்க்கு மேடையும் மாநாடும் தீர்மானமுமே நினைவுக்கு வருகின்றன. சாதியொழிப்பு, மாதர் கல்வி, மதுவிலக்கு முதலிய பெரும்பொருள்களைப் பேசுதற்குரிய ஏட்டிலே முட்டை பொரிக்கும் சட்டியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வினவுவாரும் இருப்பர். அன்னார்க்கு நாம் கூறும் விடை இதுவே: அடுப்படியை எட்டாத சீர்திருத்தம் வீட்டை எட்டாது, வீட்டை எட்டாதது நாட்டையும் எட்டாது. ஒரு தமிழ்ப் பெண் தன் வாழ்நாளிற் கோயிலில் நிற்கும் நேரத்தையும் கலியாண வீட்டில் அமரும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். அடுப்பின்முன் நிற்கும் நேரத்திற்கு அஃது உறைபோடக் காணாது. ஆகவே அவள் கையிலுள்ள சட்டி எத்தகையது, அதை விற்றவன் சொன்னது மெய்யா, அச்சட்டியால் அவள் பாடு குறைந்ததா என்று ஆராய்வது சிறு விஷயமன்று.

இந்நாளில் ஈப்போ நகரத்துக் கடைகளில் 'செராமிக்' என்னும் பெயரோடு வெண்மையாகவும் பச்சையாகவும் பளபளக்கும் சட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒட்டாது, எண்ணெய் வேண்டாது, நஞ்சில்லை, இயற்கையானது என்று அவற்றின் அட்டைகள் பேசுகின்றன. சிலிபினிலும் புந்தோங்கிலும் வாழும் நம் மக்கள், அவர்களிற் பலர் பழைய ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியோர், இவற்றை வாங்குகின்றனர். வாங்குவதை நாம் குறைகூற வரவில்லை, நாமும் வாங்கியிருக்கின்றோம். வாங்குமுன் அறியவேண்டுவன சில உள. அவற்றைச் சொல்லவே எழுதுகின்றோம்.

முதலாவது, செராமிக் என்பது யாது? மண்ணைச் சுட்டுச் செய்த பொருள் என்பதே அதன் பழம்பொருள். பேராக் மாநிலத்தார்க்கு இது புதிதன்று. கோலகங்சாருக்கு அண்மையிலுள்ள சாயோங் கிராமத்து மலாய்க் குயவர்கள் சுரைக்காய் வடிவில் வனைந்து, சூளையிற் சுட்டு, சூடாறுமுன் நெல்லுமியிற் புதைத்துக் கருநிறமேற்றும் நீர்க்கூசா நாடறிந்தது. 'லாபு சாயோங்' என்னும் அதில் ஊற்றிய நீர் குளிர்ந்திருக்கும். தோட்டத்து மக்களோ இதனினும் நெருக்கமாகச் சுட்ட மண்ணை அறிவர். பால்மரத்திற் கட்டிய மங்கை மறந்தவர் யார்? தொடக்கத்திற் சிரட்டையாயிருந்து, பின்பு பளபளப்பேற்றிய பீங்கானாகவும் கண்ணாடியாகவும் மாறிய அந்த மங்கிலே, பால் உறைந்து கட்டியானபின் விரலைக் கொடுத்து நெம்பினால் ஒட்டுப்பால் முழுதாய்ப் பெயர்ந்து வரும். சொரசொரப்பான பாத்திரமாயின் பாதி அதிலேயே தங்கிவிடும். வழவழப்பான பரப்பில் பற்றுதற்கு இடமில்லை என்னும் உண்மையை, படிப்பறிவில்லாதவர் என்று எள்ளப்பட்ட நம் பாட்டிமார் தம் விரலால் அறிந்திருந்தனர். ஒட்டாத சட்டியின் தத்துவத்திற் பாதி அதுவே.

இரண்டாவது, பாத்திரத்திற்குப் பூச்சிடும் வழக்கம் நேற்று வந்ததன்று. பித்தளைப் பாத்திரத்திற் புளிக்குழம்பை வைத்தாற் களிம்பேறும் என்பதற்காக உள்ளே ஈயம் பூசினர் நம் முன்னோர். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் தேய்த்தால் உட்புறம் வெள்ளியென மின்னும். அவ்வெள்ளீயம் விளைந்த நிலங்களுள் உலகிற் பேர்பெற்றது நம் கிந்தாப் பள்ளத்தாக்கு. ஈப்போ நகரம் எழுந்ததே அவ்வீயத்தால். 1985ஆம் ஆண்டு உலகச் சந்தையில் ஈயவிலை வீழ்ந்தபின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடப்பட்ட கதையையும் இந்நகரத்தார் அறிவர். அந்த ஈயப்பூச்சிற்கு ஒரு விதி இருந்தது. வெள்ளீயம் 232 பாகை வெப்பத்தில் உருகும். ஆகலின் ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைத்தல் ஆகாது. தேயத் தேய மீண்டும் பூச வேண்டும். எந்தப் பூச்சிற்கும் ஒரு சூட்டெல்லையும் ஓர் ஆயுளும் உண்டு என்பதை இதிலிருந்து கற்கலாம். இன்றைய சட்டிகளுக்கும் இவ்விதி பொருந்தும்.

மூன்றாவது, செராமிக் சட்டிக்கு முன்வந்த டெஃப்லானின் வரலாறு. 1938ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்து இரசாயனியான ராய் பிளங்கெட், குளிர்பதனப் பெட்டிக்குரிய வாயுக்களை ஆராயும்போது, எதிர்பாராது ஒரு வெண்பொடியைக் கண்டார். எதுவும் அதனோடு ஒட்டவில்லை. எந்த அமிலமும் அதை எளிதில் அரிக்கவில்லை. பி.டி.எஃப்.இ. என்னும் அப்பொருளே பின்பு டெஃப்லான் எனப் பெயர் பெற்றது. பிரான்சு நாட்டுப் பொறியாளர் மார்க் கிரேகுவார் 1954ஆம் ஆண்டில் அதனை அலுமினியத்தில் ஒட்டவைக்கும் முறையைச் சட்டிக்குப் பயன்படுத்தினார். அதற்குத் தூண்டியவர் அவர்தம் மனைவியார் என்பர். 1956ஆம் ஆண்டில் டெஃபால் நிறுவனம் தோன்றியது. உலகத்து அடுப்பங்கரைகளில் ஒட்டாத சட்டி இவ்வாறு நுழைந்தது.

இதன் நஞ்சைப் பற்றி நம்மிடையே உலவும் பேச்சிற் பாதி மெய், பாதி வீண்பயம். சட்டியிலிருந்து உரிந்த துணுக்கு உணவோடு வயிற்றிற் சென்றால் அது செரியாது, சென்றவாறே வெளியேறும். அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்சத்தக்கன இரண்டு. ஒன்று, வெறுஞ்சட்டியை மிகு சூட்டில் மறந்து விடுவது. ஏறக்குறைய 260 பாகைக்கு மேல் அப்பூச்சுச் சிதையத் தொடங்கும். சூடு ஏற ஏறப் புகை விடும். அப்புகை மனிதர்க்குக் காய்ச்சலுண்டாக்கும், கூண்டுக்கிளியைக் கொன்றேவிடும். மற்றொன்று, அப்பொருளைச் செய்யும் ஆலையிற் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்னும் இரசாயனம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் நகரத்தருகே அது குடிநீரிற் கலந்தது. சிறுநீரகப் புற்றுநோய் உட்பட ஆறு நோய்களோடு அதற்குத் தொடர்பிருக்கக் கூடும் என்று 2012ஆம் ஆண்டளவில் அறிஞர்குழு முடிவு கூறியது. 2017ஆம் ஆண்டில் ஏறக்குறைய 67 கோடி டாலர் கொடுத்து வழக்குகள் தீர்க்கப்பட்டன. 2019ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதனை விலக்கவேண்டிய பொருள்களிற் சேர்த்தது. 2023ஆம் ஆண்டில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவாண்மை அதனை மனிதர்க்குப் புற்று விளைக்கும் பொருள் என வகுத்தது.

இங்கே தோட்டத்து வாசகர்கள் ஒன்றைக் கருத வேண்டும். நஞ்சை அனுபவித்தவர் சட்டியில் முட்டை பொரித்த சீமாட்டியல்லர். ஆலையின் அருகே நீர் குடித்த எளியவரே. நம் தோட்டங்களிலும் புல்லழிக்கப் பாராக்குவாட் மருந்தை முதுகிற் சுமந்து தெளித்தவர் யார்? நம் மாதரல்லரோ? அம்மருந்து மலேசியாவில் 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்தே தடை செய்யப்பட்டது. பொருளின் பயன் ஒருவர்க்கும் அதன் கேடு மற்றொருவர்க்குமாகப் பங்கிடப்படுவது உலகெங்கும் ஒரே மாதிரிதான். 'என் சட்டியில் நஞ்சுண்டா?' என்று மட்டும் கேட்பது தன்னலம். 'இதைச் செய்தவன் வீட்டு நீரில் நஞ்சுண்டா?' என்றும் கேட்பதே மனிதத்தன்மை.

இனிச் செராமிக் சட்டிக்கு வருவோம். இப்பெயரிற் சமையற்சட்டியைப் பரப்பியோருள் முதன்மையானது, பெல்ஜியத்தார் இருவர் 2007ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்த கிரீன்பான் ஆகும். சட்டி அலுமினியமே, சூளையிற் சுட்ட பீங்கானன்று. மணலின் மூலப்பொருளாகிய சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட ஒரு திரவத்தைத் தெளித்து, சூடேற்றி இறுகச் செய்த மெல்லிய படலமே அதன் மேலிருப்பது. அப்படலம் ஒரு தலைமயிரின் பருமனினும் மெல்லியது. அதிலே பி.டி.எஃப்.இ.யும் இல்லை, பி.எஃப்.ஓ.ஏ.யும் இல்லை. அதிகச் சூட்டில் டெஃப்லானைப் போல் நச்சுப்புகை விடுவதுமில்லை. இவை அதன் உண்மையான நலங்கள், மறுக்கவொண்ணா. குறையாவது, அதன் வழுக்குந்தன்மை நெடுநாள் நில்லாது என்பதே. நாள்தோறும் பயன்படுத்தினால், பேணுதற்குத் தக்கபடி ஓரிரண்டு ஆண்டுகளிலேயே ஒட்டத் தொடங்குகின்றது. டெஃப்லான் சட்டி பொதுவாக அதனினும் நீண்டநாள் வழுக்கும். இரும்புக்கல்லோ நம்மினும் நீண்டநாள் வாழும்.

இவ்வளவும் ஏட்டறிவு. நாம் சட்டி வாங்க நேர்ந்த காரணம் வேறு. நம் அன்னையார் பேராக்கின் ஒரு தோட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நான்கு மணிக்கெழுந்து அடுப்பு மூட்டித் தோசை வார்த்து வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடியவர். தோட்டம் கைமாறி லயம் காலியானபோது சிலிபினுக்கு அவர் சுமந்துவந்த பொருள்களுள் ஓர் இரும்புத் தோசைக்கல்லும் ஒன்று. மூன்று கிலோவுக்குக் குறையாத பாரம். உளியைப் பிடித்துப் பிடித்து வளைந்த அவர்தம் வலக்கை மணிக்கட்டில் வாதம் கண்டபின், அக்கல்லை இறக்க இரு கையும் போதவில்லை. ஒருநாள் அது நழுவிக் காலருகே விழுந்தது. வேறு சட்டி வாங்குவோம் அம்மா என்றோம். "ஏன்யா, இந்தக் கல்லு உனக்கு என்ன தீங்கு செய்தது? உன்னை வளர்த்த கல்லு இது" என்றார். "வளர்த்தது கல்லல்ல, உங்கள் கைதான், அந்தக் கை இன்று நோகிறதே" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை, மறுநாள் "எவ்வளவு விலையாம் அது?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே நாம் சட்டியைத் தேர்ந்தது அட்டையின் பேச்சைக் கொண்டன்று, அக்கையைக் கொண்டே. கடையில் ஒவ்வொரு சட்டியையும் ஒரு கையால் தூக்கிப் பார்த்தோம். ஒரு கிலோவளவில் இருப்பது வேண்டும். அதனினும் மெல்லியதாயின் அடி வளைந்து நடுவில் எண்ணெய் தங்காது ஓடிவிடும். அடி தட்டையாகவும் தடிப்பாகவும் இருத்தல் வேண்டும். பலகையின்மேல் வைத்து அசைத்துப் பார்த்தல் நன்று. பிடி ஆணியால் உறுதியாய் இறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். வலியுள்ள கைக்கு எதிர்ப்புறத்தில் ஒரு துணைப்பிடி இருப்பின் மிக நன்று. இண்டக்ஷன் அடுப்புள்ளோர் அடியில் காந்தம் ஒட்டுகின்றதா என்று பார்க்க வேண்டும். வெறும் அலுமினியம் அவ்வடுப்பிற் காயாது. அட்டையிற் 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லை' என்றிருப்பது மட்டும் போதாது. அச்சொல்லை டெஃப்லான் சட்டிகளின் மேலும் போடுகின்றனர். 'பி.டி.எஃப்.இ. இல்லை' என்பதும் இருந்தாலன்றி அது செராமிக் என நம்புதற்கில்லை. கருங்கல், பளிங்கு, வைரம் என்னும் பெயர்களில் புள்ளியிட்டு விற்பவற்றிற் பெரும்பாலன புள்ளியிட்ட டெஃப்லானே. பெயரைக் கண்டு பொருளை நம்புவது, நெற்றிக் குறியைக் கண்டு மனிதனை மதிப்பதற்கு ஒப்பாகும்.

மற்றொரு வகை வியாபாரமும் உண்டு. மண்டபத்தில் நாற்காலி போட்டு, மாதரைக் கூட்டி, தேநீர் கொடுத்து, எண்ணெயின்றி முட்டையை வழுக்கவிட்டுக் காட்டி, ஆயிரக்கணக்கான வெள்ளிக்குச் சட்டித்தொகுதியைத் தவணையில் விற்கும் வித்தை அது. நம் உறவினர் வீட்டில் அத்தகைய தவணைச்சீட்டு ஒன்றைக் கண்டிருக்கின்றோம். அதிலேறிய வட்டியைக் கணக்கிட்டால் பத்து நல்ல சட்டிகள் வாங்கலாம். எந்தப் புதுச்சட்டியிலும் முட்டை வழுக்கும், சகோதரிகளே. ஓராண்டு கழிந்த சட்டியைக் கொண்டுவந்து வழுக்கிக் காட்டச் சொல்லுங்கள். வித்தைக்காரன் கூடாரத்தைச் சுருட்டிவிடுவான். இரண்டாண்டிற் தேயும் பொருளை மூன்றாண்டுத் தவணையில் வாங்குவது எவ்வகையிலும் பொருந்தாது. நாம் வாங்கியது எண்பத்தொன்பது வெள்ளிச் சட்டி, ரொக்கத்திற்கு.

பயன்படுத்தும் முறை எளிது. எனினும் பழக்கத்தை மாற்றவேண்டியிருப்பதால் கடினம். நம் மாதர் அடுப்பை முழுதும் திறந்துவிட்டு, சட்டி புகையும்வரை காயவிட்டுத் தொடங்குவர். இரும்புக்கு அது முறை. செராமிக்குக்கு அது நமன். நடுத்தரமான தணல் போதும். அலுமினியம் சூட்டை விரைந்து பரப்புமாதலால் பெருந்தீ வேண்டுவதில்லை, வாயுவும் மிச்சம். எண்ணெய் வேண்டா என்னும் விளம்பரத்தை நம்பாது, ஒரு தேக்கரண்டி எண்ணெயாவது விடல் வேண்டும். அதிகச் சூட்டில் எண்ணெய் கருகி மெழுகுபோற் படிந்துவிடும். பலர் 'பூச்சு கெட்டது' என்று எறியும் சட்டிகளில் உண்மையிற் கெட்டது பூச்சன்று. அதன்மேல் ஏறிய இப்படிவே. வெந்நீரில் ஊறவைத்து, சோடாமாவைக் குழைத்து மெல்லிய துணியால் தேய்த்தால் சில வேளை மீளும்.

மரக்கரண்டியன்றி இரும்புக்கரண்டி ஆகாது. காய்ந்த சட்டியைக் குழாயடியிற் பிடித்தல் ஆகாது. உலோகமும் பூச்சும் ஒரே அளவாய்ச் சுருங்கா. கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புக்கள் தோன்றும். ஆறியபின் கழுவுக. கம்பிச்சுருளும் சாம்பலும் தொடல் ஆகாது. ஒன்றன்மேலொன்று அடுக்கினால் இடையே ஒரு துணி இடுக. புளிக்குழம்பை அதில் வைத்து மறுநாள் வரை விட்டுவிடுதலும் நன்றன்று.

அச்சட்டிக்குரியன முட்டை, மீன் துண்டம், தௌஃபூ, அடை, காய் வதக்கல் முதலியன. உரியனவல்லாதனவும் உண்டு. மிளகாயும் மல்லியும் வறுத்துப் பொடி செய்தல், கடுகு வெடிக்கத் தாளித்தல், நெத்திலிக் கருவாட்டை மொறுமொறுப்பாய்ப் பொரித்தல் ஆகியவற்றை இரும்பு வாணலிக்கே விடுதல் வேண்டும். புந்தோங்கின் கச்சான் பூத்தே கிராமத்தில் நம்மவர் முறுக்கும் கடலையும் பொரித்து நாடெங்கும் பேர்பெற்றிருக்கின்றனரே, அத்தகைய தொழிலுக்கு இம்மெல்லிய பூச்சு ஒருநாளும் உதவாது.

இரும்பை அறவே தள்ளிவிடுதலும் அறிவுடைமையன்று. இரும்புப் பாத்திரத்திற் சமைத்த உணவில், புளிப்புள்ளதாயின் சிறப்பாக, இரும்புச்சத்து ஏறுகின்றது. எத்தியோப்பியாவிற் குழந்தைகளிடையே நடத்தி 1999ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், அலுமினியப் பாத்திரத்து உணவுண்டோரைவிட இரும்புப் பாத்திரத்து உணவுண்டோர்க்குச் சோகை குறைந்திருந்தமை காணப்பட்டது. நம் மாதரிடையே இரத்தச் சோகை மிகுதி என்பது எந்த மருத்துவமனைத் தாதியைக் கேட்டாலும் தெரியும். ஆகவே வலுவுள்ள கை இரும்பைத் தூக்கட்டும்; நோயுள்ள கை இலேசானதைத் தூக்கட்டும்; ஒரே வீட்டில் இரண்டும் இருக்கட்டும். நம் வீட்டில் அவ்வாறே இருக்கின்றது. அன்னையார் தம் சட்டியில் தமக்கு வேண்டிய முட்டையையும் மீனையும் யார் துணையுமின்றிச் செய்து கொள்கின்றார். அதனால் அவர் முகத்தில் வந்த தெளிவைக் கண்டோம். எண்பத்தொன்பது வெள்ளிக்கு அது மலிவே.

அப்படியாயின் இரும்புக்கல்லைத் தூக்குவது யார்? இதுவே நாம் இறுதியாகக் கூற விரும்பும் செய்தி. அக்கல்லை இப்பொழுது நாம் தூக்குகின்றோம். ஞாயிறு தோறும் அரைவெங்காயத்தை நல்லெண்ணெயில் தோய்த்துக் கல்லைத் தேய்த்துத் தோசை வார்ப்பவர் நாமே. முதல் வாரங்களில் அன்னையார் அருகில் நின்று, "ஆம்பளைப் பிள்ளை அடுப்படியில் நிற்கலாமா, அக்கம்பக்கம் என்ன சொல்லும்?" என்று வருந்தினார். அக்கம்பக்கம் தோசையைத் தின்றுவிட்டுச் சட்டினி கேட்டது, வேறொன்றும் சொல்லவில்லை.

சட்டி ஒட்டாமலிருந்தால் தேய்க்கும் நேரம் பத்து நிமிடம் மிச்சமாகலாம். அப்பத்து நிமிடமும் மற்றொரு கறி சமைப்பதிற் போய்விடின், அவளுக்கு மிச்சமானது யாது? துவைக்கும் இயந்திரம் வந்தது, அரைக்கும் இயந்திரம் வந்தது, வாயு அடுப்பு வந்தது. அப்பெண் மட்டும் அடுப்படியிலிருந்து வெளிவரவில்லை. புதுப்பொருள் பாரத்தைக் குறைக்கும், பங்கிடாது. பங்கிடுதல் மனிதர் வேலை. பெண்ணடிமை பற்றி மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து 'தோசை எங்கே?' என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே இல்லாமலில்லை.

ஆதலின் வாசகர்களே, செராமிக் சட்டி வாங்க வேண்டுமாயின் வாங்குங்கள். தூக்கிப் பார்த்து, அட்டையை முழுதும் படித்து, ரொக்கத்திற்கு, தேவைக்கேற்ற ஒன்றை மட்டும் வாங்குங்கள். தேய்ந்தபின் மற்றொன்று வாங்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கிற் கொள்ளுங்கள். வாங்கிய அன்றே வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளை அழைத்து, தணல் எவ்வளவு வேண்டும், கரண்டி எது, கழுவுவது எப்படி என்று கற்றுக் கொடுங்கள். பத்து வயதுப் பையன் ஒரு முட்டையைப் பொரித்துத் தன் தங்கைக்குப் பரிமாறிவிட்டுச் சட்டியையும் கழுவி வைக்கக் கற்றானாயின், அச்சட்டியின் பூச்சு தேய்ந்தாலும் அவன் கற்றது தேயாது.